கண்ணாடியில் மஞ்சள் இல்லை: அளவீட்டுப் பிரிவு விமலா அக்காவுக்குப் பட்டறைத் தோழர்கள் வாசித்தளிக்கும் மடல்

பூச்சுக்கு அடியில் பதுங்கியிருக்கும் வெப்பத்தை ஒளியின் துணையால் உணர்ந்து உரைத்தவரே! மேனி பளபளத்தால் போதும் என்று மயங்கும் கண்களுக்கு நடுவே, அடியில் என்ன கொதிக்கிறது என்று அயராமல் கேட்டவரே! பாகான் செராயின் வயல்வெளியில் பிறந்து, ஈப்போவின் பட்டறைப் புழுதியில் பெயர் எடுத்த பெருந்தகையே! சட்டென்று சினப்பவரே, சினந்தால் சீக்கிரம் ஆறாதவரே! அளவீட்டுப் பிரிவின் மேற்பார்வையாளராக முப்பது ஆண்டுக்கு மேல் எங்களை முறைத்தே முறைப்படுத்திய மதிப்பிற்குரிய விமலா அக்கா அவர்களே! உங்களுக்கு எங்கள் அனைவரின் வணக்கம்.

இப்படியே நான்கு பக்கம் எழுதலாம். அலுவலகத்திலிருந்து அப்படித்தான் ஒரு மாதிரி மடலும் வந்தது. பெயரை மட்டும் மாற்றினால் போதுமாம். 'அமைதியின் சிகரமே, அடக்கத்தின் உருவமே, அதிர்ந்து பேசாத அன்னையே' என்று தொடங்கியது. பூச்சுத் தெளிக்கும் பிரிவின் பவித்ரன் அண்ணன் அதை என்னிடமிருந்து வாங்கிப் படித்துவிட்டு, "புனிதா, இது நம்ம அக்காவுக்கா? வேற யாரோ ரிடையர் ஆகுறாங்க போல லா" என்றார். அதிர்ந்து பேசாத அன்னையா? நீங்கள் லேசர் அறைக்குள் நின்று போட்ட சத்தத்தில் கிடங்கில் இருந்த கலாதேவி அக்கா பெட்டியைக் கீழே போட்டிருக்கிறார். பொய்யைப் பாராட்டாகத் தருவது உங்களை அவமதிப்பது. ஆகவே அந்த மாதிரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இதை நானே எழுதினேன். தோழர்கள் படித்தார்கள். ஒரு வரியையும் எடுக்கச் சொல்லவில்லை.

முன்வரிசையில் உங்கள் குடும்பத்தார் அமர்ந்திருக்கிறார்கள். சற்று முன் உங்கள் மகளிடம், அம்மா என்ன வேலை பார்த்தார் என்று தெரியுமா என்று கேட்டேன். "ஏதோ டோர்ச் லைட் அடிச்சு எதுக்கோ காய்ச்சல் பாக்குறாங்கன்னு தெரியும் அக்கா, அதுக்கு மேல கேட்டா திட்டுவாங்க" என்றார். அவருக்காகவும், பட்டறைக்கு வெளியிலிருந்து வந்திருக்கும் மற்றவர்களுக்காகவும் இதைச் சொல்கிறேன்.

மின்நிலையத்தில் சுழலும் டர்பைன் பிளேடுகள், அவை செய்யப்பட்ட உலோகமே உருகிவிடக்கூடிய சூட்டுக்கு நடுவே நிற்பவை. அவை உருகாமல் நிற்பதற்கு, உள்ளே ஓடும் குளிர்காற்றோடு, மேலே நாங்கள் தெளிக்கும் பீங்கான் பூச்சும் காரணம். நகத்தின் கனம்தான் இருக்கும். அந்தப் பூச்சின் மேல்தோல் எவ்வளவு சுடுகிறது என்பதை யார் வேண்டுமானாலும் அளந்துவிடலாம். பூச்சு முடிந்து உலோகம் தொடங்கும் அந்த அடித்தட்டில் எவ்வளவு சுடுகிறது என்பதுதான் கேள்வி. துளை போட்டுக் கம்பியை நுழைத்தால் பூச்சே கெட்டுப்போகும். ஆகவே ஒவ்வொரு தொகுதி பிளேடுகளோடும் ஒரு சிறு துண்டை வைத்து, அதே கையால், அதே தூளால் பூசுகிறோம். அதற்குச் சாட்சித் துண்டு என்று பெயர். அதன் அடித்தட்டில் மட்டும் ஒளிரும் தூள் ஒன்றை மெல்லியதாகக் கலந்து வைக்கிறோம். துண்டை நெருப்புக்கு முன் நிறுத்தி, ஊதா லேசரை ஒரு கணம் அடித்து நிறுத்தினால், அடியில் இருக்கும் அந்தத் தூள் மினுங்கி அணையும். சூடு குறைவென்றால் மெதுவாக அணையும். சூடு கூடினால் சட்டென்று அணையும். இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும் அந்த அணைவை அளந்துதான் அடியிலுள்ள வெப்பத்தை நீங்கள் சொல்வீர்கள். அளவு சரியென்று நீங்கள் கையெழுத்திட்டால்தான் பிளேடுகள் வாசலைத் தாண்டும்.

அப்படிப்பட்ட வேலையில் ஒழுங்கு தவறாத உத்தமியே! மினுக்கம் மங்கலானது என்பதால் லேசர் அறையில் ஒரு பொட்டு வெளிச்சமும் கூடாது என்று சட்டம் வைத்தவரே! தரச் சோதனை ரஹீம் அண்ணன் ஒருமுறை கையில் கைப்பேசி வெளிச்சத்தோடு உள்ளே வந்துவிட்டார். "ரஹீமு, ஒன் கடைய வெளிய தொறந்து வச்சிட்டு வா" என்று நீங்கள் விரட்டியதில், அன்றிலிருந்து அவர் கதவைத் தட்டி, இருமி, சலாம் சொல்லி, அனுமதி வாங்கித்தான் நுழைகிறார். மேலிடத்து விருந்தினர்களையும் அப்படியே விரட்டினீர்கள். ஆளுக்கு ஏற்றபடி உங்கள் குரல் ஏறி இறங்கி நாங்கள் பார்த்ததில்லை. எல்லாருக்கும் ஏறியே இருக்கும்.

'அள்ளி அள்ளிக் கற்றுக்கொடுத்த ஆசானே' என்று எழுதச் சொன்னார்கள். எழுத மாட்டேன். நீங்கள் எனக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. நான் பட்டத்தோடு வந்து நின்ற முதல் நாள், "படிச்சிட்டுதானே வந்திருக்க, புத்தகத்துல இருக்கும், போய் பாரு" என்றீர்கள். உங்கள் நாற்காலியை நகர்த்தக்கூட விட்டதில்லை. எனக்கும் உங்களுக்கும் வாரம் ஒருமுறையாவது சண்டை. நான் இன்று பேசுவது நன்றிக்கடனால் அல்ல. நடந்தது அநியாயம் என்பதால் பேசுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்வதற்கு முன் நடந்த ஓர் ஆயுத பூசை. நம் பட்டறையில் எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு உண்டு. பம்புக்கும் உண்டு, பாரந்தூக்கிக்கும் உண்டு. பவித்ரன் அண்ணன் தெளிப்புத் துப்பாக்கிக்கு மாலையே போடுவார். ரஹீம் அண்ணன் வாசலில் நின்று பொரியும் சுண்டலும் வாங்கிக்கொள்வார். அந்த ஆண்டு லேசர் கருவிக்கு முதல் பொட்டை வைக்கும் மரியாதை நம் மேலாளருக்குத் தரப்பட்டது. மேலாளர் திரு. கனகராஜ் அவர்கள் இங்கேதான் இருக்கிறார். அவர் மஞ்சள் கலந்த சந்தனத்தைக் கட்டைவிரலில் எடுத்து, "இது கண்ணு மாதிரி இருக்கே, இதுக்குத்தான் மொதல்ல" என்று சொல்லி, கருவியின் பார்வைக் கண்ணாடியின் நட்ட நடுவில் வைத்தார். யாரோ ஐயோ என்றதும், அதே விரலால் தேய்த்துத் துடைத்தும் விட்டார். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. எல்லாரும் கற்பூரத்தைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஊதா ஒளி பட்டால் மஞ்சளும் மினுங்கும். மினுங்கிய வேகத்தில் அணையும். சட்டென்று அணைந்தால் அதிகச் சூடு என்றுதானே கருவி எடுத்துக்கொள்ளும்? பூசை முடிந்து வந்த முதல் துண்டு உலையில் உருகும் அளவுக்குச் சுடுவதாகக் கருவி கணக்குச் சொன்னது. தொகுதி நின்றது, மேலிடம் கேட்டது, பட்டறையே நடுங்கியது. கடைசியில் நெருப்பை அணைத்துவிட்டு, ஆறிப்போன துண்டை அளந்து பார்த்தவர் நீங்கள். ஆறிய துண்டும் கொதிப்பதாகக் கருவி சொன்னது. அப்படியென்றால் கோளாறு துண்டில் இல்லை, கண்ணாடியில்தான் என்று கண்டுபிடித்துக் கழுவியவரும் நீங்கள்தான்.

அதற்குக் கிடைத்த பரிசு என்ன? 'அளவீட்டு மேற்பார்வையாளரின் கவனக்குறைவால் கருவி மாசடைந்தது' என்று மேலிடத்துக்குப் பதில் போனது. விரல் யாருடையது என்று அதில் இல்லை. அன்று பூசையில் நின்ற அத்தனை பேருக்கும் அது யாருடைய விரல் என்று தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை.

இந்த இடத்தில் உங்கள் மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது அக்கா. ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று தேநீர் நேரத்தில் கேட்டேன். "பூச நேரத்துல ஒருத்தர் ஆசையா வச்ச பொட்டு. அதுக்குப் போயி ஆள தலகுனிய வைக்கவா? கழுவுனா போச்சுடி" என்றீர்கள். ஊரையே விரட்டும் நீங்கள், உங்களுக்காக ஒரு சத்தம் போடவில்லை. கழுவினால் கண்ணாடியில் பட்ட கறை போயிற்று, சரி. பெயரில் பட்ட கறை போகவில்லையே! அன்றிலிருந்து எந்த அளவு கூடுதலாக வந்தாலும் மேலாளருக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. "என்ன விமலா, மஞ்சளா?" என்பார். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். மேலிடத்துக் கூட்டத்திலும் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். அவர் வைத்த பொட்டு, ஆண்டுக்கணக்காக உங்கள் நெற்றியில் இருந்தது.

வெறும் கேலியாக இருந்திருந்தால் நானும் இந்த மேடையில் கேலியாகவே பேசிவிட்டு இறங்கியிருப்பேன். இந்த மாதம் அது கேலியாக இல்லை.

லூமுட் பக்கத்துக் கடலோர மின்நிலையம் ஒன்றுக்குப் போக வேண்டிய தொகுதி. தூள் புதியது. பூச்சு வழவழவென்று, கடைக் கண்ணாடியில் வைக்கலாம் போல வந்தது. மேற்பரப்பை அளந்தால் எல்லாம் சரி. அடித்தட்டை நீங்கள் அளந்தபோது உலோகம் தாங்கக்கூடியதைவிட அதிகமாகச் சுட்டது. பூச்சை வெட்டிப் பார்த்தோம். புதுத் தூள் நன்றாக உருகி, உள்ளே இருக்க வேண்டிய நுண்துளைகளை அடைத்துவிட்டிருந்தது. அந்தத் துளைகள்தான் சூட்டைத் தடுப்பவை. அழகாக வந்ததே அதன் குற்றம். பூச்சை உரித்துவிட்டுப் பழைய தூளால் மறுபடி பூச வேண்டும் என்று எழுதினீர்கள்.

மேலாளர் லேசர் அறை வாசலுக்கு வந்தார். நான் உள்ளே இருந்தேன், ஆகவே கேட்டதைச் சொல்கிறேன்.

"உரிச்சுப் பூசுனா எத்தன வாரம் ஆகும் தெரியுமா? மேல நல்லாதானே இருக்கு?"

"மேல யாரு சார் கேட்டா? அடியில வேகுது."

"மஞ்சள் பட்டிருக்கும் லா. தொடச்சிட்டு இன்னொருக்கா பாருங்க."

"தொடச்சாச்சு. ஆறுன துண்ட வச்சும் பாத்தாச்சு. ஆறுனது ஆறுனதுன்னுதான் காட்டுது. கண்ணாடி சுத்தம்."

"விமலா, நீங்க போற நேரத்துல எதுக்கு இந்த சுசா, இந்தத் தொல்ல? ஒழுங்கா கேக் வெட்டிட்டுப் போங்க."

மறுநாள் உங்கள் அளவின் குறுக்கே 'கருவி மாசு, பிழையான அளவு' என்று சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்தது. பிளேடுகள் பெட்டிக்குள் போயின. வெளியே அனுப்பும் தாளில் கையெழுத்திட நீங்கள் மறுத்தீர்கள். அதனால் என்ன, அவர் இன்றோடு போகிறார், திங்கட்கிழமை அந்த நாற்காலியில் இந்தப் புனிதா உட்காருவாள், அவள் போடுவாள் என்று முடிவு செய்துவிட்டார்கள். கொடுமையிலும் கொடுமை, நீங்கள் உண்மையை அளந்த கடைசி வேலை, உங்கள் பிழையாகப் பதிந்து நிற்க, அதன் மேல் மாலை போட்டு உங்களை அனுப்புவது! இந்த மண்டபத்தில் இருக்கும் மாலை, மேளம், பிரியாணி எல்லாம் சேர்ந்தாலும் அந்தச் சிவப்பு வரியை மறைக்காது.

மேலாளரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தாமதமானால் மேலிடம் அவரைத்தான் உலுக்கும். என் தம்பிக்குத் தொழிற்பயிற்சிக்கு இடம் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் என்னை அறைக்கு அழைத்து அவர் சொன்னதையும் சபையில் வைக்கிறேன். "ஒங்க வீட்டுல மொத பட்டதாரி நீதானே? அப்பா இன்னும் லோரி ஓட்டுறாரு. கொஞ்சம் யோசிச்சு நடந்துக்கம்மா." யோசித்தேன் ஐயா. கோப்பெங் பக்கத்தில் எஸ்டேட்டை விற்று வீடுகளை இடித்தபோது, பேசாமல் காலி செய்யுங்கள் என்று என் குடும்பத்துக்கும் இதே கனிவான குரலில்தான் சொன்னார்கள். நான் படித்தது அந்தக் குரலுக்கு மறுபடியும் தலையாட்டுவதற்காக அல்ல. அந்த பிளேடு உடைந்து தெறித்தால், பக்கத்தில் பராமரிப்பு வேலைக்கு நிற்பவர்களின் வீட்டிலும் யாராவது முதல் பட்டதாரி இருப்பாள்.

யோசித்து முடித்த பிறகு நான் செய்தது இது. நீங்கள் விடுப்பில் இருந்தபோது, ரஹீம் அண்ணனை லேசர் அறைக்கு அழைத்தேன். கதவைத் தட்டி, இருமி, வந்தார். "கண்ணாடிய நானே தொடைக்கிறேன். நான் பூசைக்கு உள்ள வந்ததும் இல்ல, மஞ்சள தொட்டதும் இல்ல. இந்தக் கை போதுமான்னு கேளு ஒன் போஸ" என்றார். துடைத்தார். முதலில் நெருப்பில்லாமல் துண்டை அளந்தோம். ஆறியிருந்தது, ஆறியதாகவே காட்டியது. பிறகு நெருப்பை ஏற்றி அளந்தோம். நீங்கள் எழுதிய அதே சூடு. பவித்ரன் அண்ணன் வேறொரு துண்டைக் கொண்டுவந்தார். அதுவும் அதே சூடு. அவர் தெளித்த பூச்சு அது. தன் கைவேலை தவறென்று காட்டும் துண்டைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். "அக்கா சொன்னா சொன்னதுதான். நமக்குத்தான் காது அடைச்சுப் போச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

ஆகவே, ஆழம் அறிந்த அக்கா அவர்களே! அடக்கத்தின் உருவம் என்று உங்களைப் புகழ மாட்டோம். அளந்தது சரி என்று சொல்கிறோம். பொறுமையின் பூமி என்று பாட மாட்டோம். உங்கள் பொறுமையால்தான் இத்தனை தூரம் வந்தது என்று குறை சொல்கிறோம். அன்று கண்ணாடியில் பொட்டு வைத்த விரலை நாங்கள் எல்லாரும் அறிவோம் என்பதை, உங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்க, இந்தச் சபையில் சொல்கிறோம். நீங்கள் கேட்காத மரியாதை இது. உங்களைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், அதனால்தான் கேட்கவில்லை.

இனி விடியும் நாளெல்லாம் விரட்டுவதற்கு ஆளில்லாமல் நீங்கள் தவிக்கப்போகிறீர்கள். பேரப்பிள்ளைகள் பாவம். உங்கள் முழங்கால் வலி குறையட்டும். இனிப்பு நீர் நோய் கட்டுக்குள் நிற்கட்டும். பங்கோர் தீவுக்குப் போக வேண்டும் என்று ஆண்டுதோறும் சொல்லித் தள்ளிப்போட்ட பயணம் இந்தப் பள்ளி விடுமுறையிலாவது நடக்கட்டும். நல்ல தூக்கமும், நல்ல பசியும், நல்ல கோபமும் குறையாமல், நூறாண்டு கடந்தும் நீங்கள் நலமோடும் நிமிர்வோடும் வாழ எங்கள் நெஞ்சார வாழ்த்துகிறோம்.

இந்த மடலில் தோழர்கள் எல்லாரும் கையெழுத்திட்டுவிட்டோம். வழக்கப்படி முதல் கையெழுத்து மேலாளருடையது. அந்த இடத்தை விட்டுவைத்திருக்கிறோம். இதில் எழுதியிருப்பது உண்மை என்று அவர் ஒப்பினால், இங்கேயே வந்து போடலாம்; திங்கட்கிழமை அந்தச் சிவப்பு வரியை அடித்துவிட்டுப் பெட்டிகளைத் திறக்கச் சொல்லலாம். யாரும் சிரிக்க மாட்டோம் ஐயா. ஒப்பவில்லை என்றால் இந்த இடம் இப்படியே கண்ணாடிச் சட்டத்துக்குள் போகும், விமலா அக்கா வீட்டுக் கூடத்தில் தொங்கும். வெளியே அனுப்பும் தாளில் என் பெயருக்கு எதிரே இருக்கும் இடமும் பெட்டிகள் திறக்கும்வரை இப்படித்தான் காலியாக இருக்கும்.

மாறாத மதிப்புடன்,

பட்டறை மேலாளர்:

பவித்ரன், பூச்சுத் தெளிப்பு
ரஹீம், தரச் சோதனை
கலாதேவி, கிடங்கு
புனிதா, அளவீட்டுப் பிரிவு
மற்றும் பட்டறைத் தோழர்கள், ஈப்போ